இறுகிய போல்ட்டுக்குப் பலம் மருந்தல்ல

"பைப்பைப் போட்டு இழுங்க சார், வந்துரும்."

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, சொந்தக் கையால் பிரேக் பேடு மாற்ற உட்காருகிறவருக்கு முதல் போல்ட் முரண்டு பிடித்ததுமே இந்த யோசனை கிடைத்துவிடும். சொல்பவர் பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம், வழியில் போகிறவராக இருக்கலாம், பல வருடம் ஸ்பேனர் பிடித்தவராகவும் இருக்கலாம். யோசனைக்குப் பின்னால் உள்ள நம்பிக்கை ஒன்றுதான்: போல்ட் வரவில்லையென்றால் கொடுத்த பலம் போதவில்லை, கூட்டிக் கொடுத்தால் வரும். இந்த நம்பிக்கைக்கு இன்னொரு பாதியும் உண்டு. கூட்டிக் கொடுத்தும் வராமல் தலை தேய்ந்துபோனால், "கம்பெனிக்காரன் மட்டமான ஸ்க்ரூ போட்டிருக்கான்" என்று பழி ஸ்க்ரூவின் மேல் போய்விடும்.

இரண்டு பாதியும் தவறு என்பது என் கட்சி. பிரேக்கில் இறுகி நிற்கும் போல்ட்டுகளில் பெரும்பாலானவை எங்கே பிடித்திருக்கிறது என்று பார்க்காமல் கை வைத்ததால் வராமல் போனவை. தேய்ந்த தலைகளில் பெரும்பாலானவை பொருந்தாத கருவியால் தேய்ந்தவை. துருவுக்கு அதில் பங்கு குறைவு. கதவுக் கீலில் இந்தத் தவறான நம்பிக்கை வேலை செய்தால் போவது ஒரு கீல். பிரேக்கில் வேலை செய்தால் அரைகுறையாக முறுக்கிய பின்னோடும், விரிசல் விட்ட காதோடும், நசுங்கிய நிப்பிளோடும் வண்டி மறுபடி சாலைக்குப் போகிறது. அதனால்தான் இதை ரசனை வேறுபாடு என்று விட்டுவிட முடியவில்லை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். ஒரு மீட்டர் நீளப் பைப்பை ஸ்பேனரில் மாட்டி, நுனியில் 50 கிலோ எடையைச் சாய்த்தால் போல்ட்டின் மேல் விழும் முறுக்கு ஏறக்குறைய 490 நியூட்டன் மீட்டர். அது எதன்மேல் விழுகிறது? பைக்கின் முன் காலிபரில் பேடுகளைத் தாங்கி நிற்கும் பின்னை, ஹோண்டா வண்டிகளின் சர்வீஸ் கையேடு சுமார் 18 நியூட்டன் மீட்டரில் இறுக்கச் சொல்கிறது. காற்று எடுக்கும் பிளீடர் நிப்பிளுக்கு 6க்குப் பக்கம். ஹேண்டில் மேல் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவின் மூடி ஸ்க்ரூவுக்கு வெறும் 1.5. 8 மில்லி போல்ட், அதுவும் 8.8 தரத்தது, 30, 40 நியூட்டன் மீட்டரைத் தாண்டினாலே முறிகிற கட்டத்தை நெருங்கிவிடும். துருவின் பிடி போல்ட்டின் கழுத்தைவிடக் கெட்டியாகிவிட்டது என்றால், எவ்வளவு பலம் கொடுத்தாலும் கையில் வருவது உடைந்த மண்டைதான். பிடி கழுத்தைவிடத் தளர்வாக இருக்கிறது என்றால் சாதாரண ஸ்பேனரே போதும், பைப் எதற்கு? வீல் நட், காலிபர் பிராக்கெட்டைப் பிடிக்கும் பெரிய போல்ட் போன்ற தடித்த சாமான்களில் நீளக் கைப்பிடிக்கு இடம் உண்டு; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிரேக் வேலையில் நம் பொறுமையைச் சோதிக்கும் ஸ்க்ரூக்கள் எல்லாம் சின்னவை. பைப் ஆதரவாளர்கள் வீல் நட்டில் கற்ற பாடத்தைக் காலிபருக்குள் கொண்டுபோகிறார்கள். தவறு அங்கே தொடங்குகிறது.

அப்படியானால் போல்ட் எங்கே பிடித்திருக்கிறது? ஒரு போல்ட்டை இறுக்கும்போது நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பாதி, தலைக்கு அடியில் உராய்விலேயே செலவாகிவிடுகிறது. இன்னொரு 40 சதவீதம் மரையின் உராய்வில் போகிறது. பாகங்களை இழுத்துச் சேர்த்துப் பிடிக்கும் விசையாக மாறுவது மிச்சமுள்ள 10 சதவீதம் அளவுக்குத்தான். இயந்திரப் பொறியியல் படித்த எவருக்கும் தெரிந்த கணக்கு இது. கழற்ற உட்காரும்போது இதையே நாம் மறந்துவிடுகிறோம். போராட்டத்தில் பாதி தலைக்கு அடியில் நடக்கிறது. அங்கே ஒட்டியிருப்பதை உதறிவிட்டால் பாதி வேலை முடிந்தது. திருப்பி இழுப்பதால் அந்த ஒட்டு உதறாது. நேராக, தலையின் மேல், ஒரு தட்டையான பஞ்ச்சை வைத்து நறுக்கென்று இரண்டு தட்டு தட்டினால் உதறும்.

துருவுக்கும் இதே நியாயம். இரும்பு துருவாக மாறும்போது தான் இருந்ததைவிடச் சில மடங்கு அதிக இடத்தைப் பிடிக்கிறது. மரைக்கும் மரைக்கும் நடுவில் இருந்த மயிரிழை இடைவெளி அடைபட்டுப்போகிறது. அலுமினியக் காலிபருக்குள் எஃகுப் பின் என்றால், ஈரமும் உப்பும் சேர்ந்ததும் இரண்டு உலோகங்களுக்கும் நடுவில் மின்வேதி அரிப்பு தொடங்கி, அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்து பின்னை அணைத்துக்கொள்ளும். பெசன்ட் நகரிலோ தூத்துக்குடியிலோ கடல்காற்றில் நிற்கும் வண்டிகளில் இந்த வெள்ளைப் பூப்பைப் பார்க்கலாம். இது நொறுங்கக்கூடிய பொருள். இறுக்கி இழுத்தால் இறுகும், அதிர்ந்தால் நொறுங்கும். நல்ல மெக்கானிக்கின் கை செய்வது முழுக்க இதைத்தான்.

ஆனால் அவரைக் காட்டித்தான் எதிர்த்தரப்பு வாதாடுகிறது. "பட்டறையில போய் பாருங்க, பெரிய சுத்தியலும் உளியும்தான். ரெண்டே நிமிஷம்." போய்ப் பார்த்தவன்தான் நானும். தூத்துக்குடியில் ஒரு சிறு பட்டறை. கேரியரில் மீன் கூடை கட்டிய பைக் ஒன்று வந்தது. காலிபர் முழுக்க உப்பு. பெரியவர் ஸ்பேனரை எடுக்கவில்லை. கம்பிப் பிரஷ்ஷால் போல்ட் தலையைச் சுற்றித் தேய்த்தார். அலன் கீ நுழையும் குழியில் அடைந்திருந்த மண்ணை ஒரு கோணி ஊசியால் நோண்டி எடுத்து, ஊதி, மறுபடி நோண்டினார். கீயை உள்ளே விட்டு, அதன் முதுகில் சுத்தியலால் தட்டினார். முதல் தட்டுக்கு "டொக்" என்று மந்தமாகக் கேட்டது. நாலைந்து தட்டு போனதும் சத்தம் "டிங்" என்று மாறியது. கீ அடிவரை உட்கார்ந்துவிட்டதன் அடையாளம் அது. பிறகு கழற்றும் பக்கம் திருப்பவில்லை. இறுக்கும் பக்கம் துளி அசைத்தார். 'கிறீச்' என்று ஒரு சின்ன முனகல். அப்புறம்தான் எதிர்ப்பக்கம். அரைச் சுற்று வெளியே, கால் சுற்று உள்ளே, ஒரு சொட்டு எண்ணெய், மறுபடி அரைச் சுற்று. "அவசரப்பட்டா பொடி உள்ளயே சிக்கி மரையத் தின்னுரும் தம்பி" என்றார்.

பலவாதிகளின் சாட்சியே அவர்களுக்கு எதிராகப் பேசுகிறது. பெரியவர் கையில் சுத்தியல் இருந்ததைக் கண்கள் பார்த்துவிட்டன. அதைத் தட்டுவதற்குப் பயன்படுத்தினாரே தவிர, திருப்புவதற்கு இரண்டு விரல் பலம்தான் போனது என்பதை அந்தக் கண்கள் பார்க்கவில்லை. காற்றுத் துப்பாக்கி, பேட்டரி இம்பாக்ட் இவற்றின் கதையும் இதேதான். அவை போல்ட்டைக் கழற்றுவது நொடிக்குப் பல முறை விழும் சிற்றடிகளால். விடாமல் இழுக்கும் கைக்கும் படபடவென்று அதிர்க்கும் கருவிக்கும் வித்தியாசம் முறுக்கின் அளவில் மட்டும் இல்லை, முறுக்கு வந்து சேரும் விதத்திலும் இருக்கிறது.

இனி ஸ்டார் ஸ்க்ரூவுக்கு வருகிறேன். பழி அதிகம் சுமப்பது அதுதான். பைக்கின் பிரேக் ஆயில் டப்பா மூடியை இரண்டு சின்ன ஸ்க்ரூ பிடித்திருக்கும். வீட்டில் கிடக்கும் ஸ்டார் டிரைவரை வைத்துத் திருப்பினால் முதல் திருப்பிலேயே எகிறும். இரண்டாவதில் சிலும்பு பறக்கும். நாலாவதில் நாலு கால் பள்ளம் இருந்த இடத்தில் வழவழவென்று ஒரு கிண்ணம் மிச்சமிருக்கும். உடனே "மட்டமான ஸ்க்ரூ" என்ற தீர்ப்பு. 1.5 நியூட்டன் மீட்டரில் இறுக்கப்பட்ட ஸ்க்ரூ அது. குழந்தையின் கைக்குக்கூட வர வேண்டியது.

நடந்தது வேறு. நம்மூர்க் கடைகளில் கிடைக்கும் ஸ்டார் டிரைவர் பெரும்பாலும் பிலிப்ஸ் வகை. அமெரிக்காவின் போர்ட்லண்டைச் சேர்ந்த ஹென்றி பிலிப்ஸ் 1936இல் காப்புரிமை பெற்ற வடிவம். ஜெனரல் மோட்டார்ஸ் தன் காடிலாக் கார்களில் முதலில் எடுத்துக்கொண்டது. அதன் பள்ளச் சுவர்கள் சாய்ந்தவை. ஆகவே கொடுக்கும் முறுக்கில் ஒரு பங்கு டிரைவரை வெளியே தள்ளும் விசையாக மாறிவிடும். ஜப்பானிய வண்டிகளிலும் அந்த மரபில் பிறந்த நம்மூர் வண்டிகளிலும் உள்ள ஸ்டார் ஸ்க்ரூக்கள் ஜப்பானின் ஜிஸ் தரத்தில் செய்யப்பட்டவை. மேலுக்குப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். பிலிப்ஸ் முனையை ஜிஸ் பள்ளத்தில் வைத்தால் முழுதாக உட்காராது. நாலு இறக்கைகளும் பள்ளத்தின் மேல் விளிம்பை மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். அந்த மெல்லிய விளிம்பு எவ்வளவு நேரம் தாங்கும்? ஜப்பானிய ஸ்க்ரூ பலவற்றின் தலையில் ஒரு சின்னப் புள்ளி குத்தியிருக்கும். அந்தப் புள்ளியைப் பார்த்தால் ஜிஸ் டிரைவரை எடுக்க வேண்டும். அந்த டிரைவர் ஒன்று பெட்டியில் இருந்தால், ஒரு வண்டி வாழ்நாளில் காணும் தேய்ந்த தலைகளில் பாதி தேயாமலே போயிருக்கும் என்பது என் துணிபு.

டிரைவர் சரியானதாக இருந்தாலும் கையின் கணக்கு மாற வேண்டும். முக்கால் பங்கு அழுத்தம், கால் பங்கு திருப்பல். உடம்பின் எடை டிரைவரின் தண்டு வழியாக நேரே கீழே இறங்க வேண்டும். வண்டியைப் பக்கவாட்டு ஸ்டாண்டில் சாய்த்துவிட்டு, ஒருச்சாய்ந்து நின்றபடி மூடி ஸ்க்ரூவைத் திருப்பக் கூடாது. நடு ஸ்டாண்டில் நிறுத்தி, ஹேண்டிலைத் திருப்பி டப்பாவைச் சமமாக்கி, மேலிருந்து குனிந்து செய்ய வேண்டும். அதற்கு முன் டிரைவரை ஸ்க்ரூவில் வைத்து முதுகில் லேசாகத் தட்ட வேண்டும். லேசாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். டப்பாவின் காதுகள் மெல்லிய வார்ப்பு, ஓங்கி அடித்தால் பிளக்கும். சுத்தியலால் அடித்தால் தானே திரும்பும் கை இம்பாக்ட் டிரைவர் என்ற அற்புதமான கருவி காரின் டிஸ்க் ஸ்க்ரூவுக்கு உரியது. இந்தச் சின்ன டப்பாவில் அதற்கு வேலை இல்லை.

அடுத்து, ஸ்ப்ரே நம்பிக்கை. பலத்தை நம்பாதவர்கள்கூட இதை நம்புகிறார்கள்: டபிள்யூடி-40 அடித்தால் எதுவும் வரும். அந்தத் திரவம் 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோவில், உலோகத்தின் மேலிருந்து ஈரத்தை விரட்டித் துருவைத் தடுக்கச் செய்யப்பட்டது. பெயரில் இருப்பதும் அதுதான், நாற்பதாவது முயற்சியில் கிடைத்த ஈரம் விரட்டி. கொஞ்சம் ஊடுருவும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அடித்த அரை நிமிடத்தில் ஸ்பேனரைப் போட்டு இழுப்பவருக்கு எந்த எண்ணெயும் உதவாது. துரு அடைத்த மரைக்குள் எண்ணெய் ஊர்ந்து போக நேரம் வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் விட்டு, தட்டி, காலையில் மறுபடி விட்டுத் தட்டினால்தான் அதற்குப் பயன் உண்டு.

பிரேக்கில் எண்ணெய் விடுவதற்கு இன்னொரு எச்சரிக்கை உண்டு. ஸ்ப்ரே டப்பாவை நீட்டிக்கொண்டு வருபவர்கள் இதைச் சொல்வதே இல்லை. பேடிலும் டிஸ்க்கிலும் ஒரு துளி பட்டாலும் பேடு அதை உறிஞ்சிவிடும். அதற்குப் பின் அந்தப் பேடு பிடிக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஆகவே ஸ்ப்ரேயாக அடிக்காமல், குச்சி நுனியிலோ ஊசியிலோ எடுத்து, போல்ட்டுக்கு மட்டும் ஒரு சொட்டு. மண்ணெண்ணெய், டீசல், பெட்ரோல் வகைகள் காலிபருக்குள் இருக்கும் ரப்பர் சீல்களுக்கு நஞ்சு. கிளைகால் வகை பிரேக் ஆயிலுக்காகச் செய்த ரப்பர் அது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப் பருத்துவிடும். "மண்ணெண்ணெய்ல ஊறப் போடுங்க" என்று காலிபரை முழுசாக ஒரு டின்னுக்குள் போடச் சொல்லும் யோசனையை எங்கே கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

சூடு காட்டுவது பற்றி இதைவிட நல்ல அபிப்பிராயம் எனக்கு உண்டு. ஒரே சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அலுமினியக் காலிபருக்குள் இறுகிய எஃகுப் பின் என்றால், சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்கினால் குழி விரிந்து பிடி தளரும். தொழிற்சாலையில் மரைக்குப் பசை தடவி இறுக்கிய போல்ட்டுகள் உண்டு. அவற்றில் கெட்டி வகைப் பசை 250 டிகிரி செல்சியஸ் அருகே போனால்தான் இளகும். இது தெரியாமல் இழுப்பவர் பசையோடு மல்லுக்கட்டித் தலையைப் பிய்த்துவிடுவார். சின்ன ஸ்க்ரூவுக்கு சால்டரிங் அயர்ன் முனையைத் தலையில் ஒன்றிரண்டு நிமிடம் வைத்திருந்தாலே போதும், தீயே வேண்டாம். ஆனால் சூட்டுக்கு எல்லை உண்டு. டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்கு மேல்தான் கொதிக்க வேண்டும் என்பது தரம். ஈரம் உறிஞ்சிய பின் அந்த அளவு 155 வரை இறங்கிவிடலாம். ஆயிலோடு மாட்டியிருக்கும் காலிபரில் தீயைக் காட்டினால் சீலும் வேகும், ஆயிலும் கொதிக்கும். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் ஈரம் காயாமல் சூடு காட்டவே கூடாது. குளோரின் கலந்த கிளீனர் வகை சூட்டில் பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயுவைக் கிளப்பும். குளோரின் இல்லாத வகை பற்றிக்கொள்ளும்.

வேலையின் வரிசைக்கும் பெரிய பங்கு உண்டு. இதை ஏன் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை என்பது எனக்கு விளங்காத விஷயம். காலிபரை முன் ஃபோர்க்கிலிருந்து கழற்றிக் கையில் எடுத்த பிறகு, பேடு பின்னைத் தளர்த்தப் போராடுகிறவர்கள் எத்தனை பேர்! ஒருவர் காலிபரை மடியில் இடுக்கிக்கொள்ள, இன்னொருவர் அலன் கீயில் பைப் மாட்டி இழுக்க, கீ குழியை அறுத்துக்கொண்டு சுற்றும். காலிபர் ஃபோர்க்கில் மாட்டியிருக்கும்போதே, வண்டியின் முழு எடையும் அதை அசையாமல் பிடித்துக்கொண்டிருக்கும்போதே, பின்னைக் கால் சுற்றுத் தளர்த்தி வைத்துவிட்டால் அந்தப் போராட்டமே இல்லை. காரிலும் ஜாக்கி ஏற்றுமுன் வீல் நட்டைத் தளர்த்துகிறோம் அல்லவா, அதே நியாயம்.

மாருதி கார்களின் பின் சக்கர டிரம்மைப் பாருங்கள். துருவால் ஹப்போடு ஒட்டிக்கொண்ட டிரம்மைச் சுற்றிச் சுற்றி அடித்து விளிம்பு உடைப்பது இன்னும் நடக்கிறது. அந்த டிரம்மின் முகத்திலேயே 8 மில்லி மரையோடு இரண்டு ஓட்டைகள் காலியாக இருக்கும். ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு, இரண்டு போல்ட்டை அந்த ஓட்டைகளில் போட்டு மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் டிரம் தானே விலகி வரும். கழற்றுவதற்கு என்றே செய்து வைத்த வழி, கண்ணுக்கு முன்னால். பலத்தை நம்புகிறவருக்கு அந்த ஓட்டை தெரிவதில்லை.

சரி, தலை தேய்ந்தே போய்விட்டது, இப்போது என்ன? இங்கேதான் பலவாதம் கடைசியாக ஒரு கோட்டை கட்டியிருக்கிறது: ஈஸி அவுட். தேய்ந்த போல்ட்டின் நடுவில் ஓட்டை போட்டு, இடது மரையுள்ள கூம்பு வடிவக் கருவியைச் செருகித் திருப்பினால் வெளியே வந்துவிடும் என்பது நம்பிக்கை. யோசித்துப் பாருங்கள். போல்ட்டின் முழுத் தடிமனும் தாங்காமல் முறிந்த இடத்தில், அதைவிட ஒல்லியான ஒரு கருவி அதே முறுக்கைக் கொடுத்துக் கழற்ற வேண்டும். அதோடு கூம்பாகையால் உள்ளே போகப் போகப் போல்ட்டை வெளிப்பக்கம் விரிக்கிறது. மரையில் அது இன்னும் இறுகும். மிகக் கெட்டியான எஃகு வளையாது, படக்கென்று உடையும். உடைந்த ஈஸி அவுட் உள்ளே தங்கிவிட்டால் வீட்டில் இருக்கும் டிரில் பிட் எதுவும் அதைக் கீறக்கூட முடியாது. தலை மட்டும் தேய்ந்து, மரை இறுகாமல் இருக்கும் ஸ்க்ரூவுக்கு அது பயன்படும். துருவில் முறிந்த போல்ட்டுக்கு அதுவே கடைசி ஆணியாகிவிடும்.

ஜப்பானியக் கார்கள் பலவற்றில் டிஸ்க்கைப் பிடித்திருக்கும் ஸ்டார் ஸ்க்ரூ இதற்கு நல்ல பாடம். அதன் தலை கூம்பு. டிஸ்க்கின் குழிக்குள் ஆப்பு போல இறங்கி உட்கார்ந்திருக்கும். பிடியெல்லாம் அந்தக் கூம்பு முகத்தில்தான். வண்டி ஓடும்போது டிஸ்க்கை ஹப்போடு அழுத்திப் பிடிப்பது வீல் நட்டுகள். இந்த ஸ்க்ரூவின் வேலை சக்கரம் இல்லாத நேரத்தில் டிஸ்க் விழாமல் பார்த்துக்கொள்வது மட்டும். ஆகவே கை இம்பாக்ட் டிரைவரால் அடித்தும் வராமல் தலை தேய்ந்துவிட்டால் தயங்க வேண்டாம். சென்டர் பஞ்ச்சால் நடுவில் குறி வைத்து, ஸ்க்ரூவின் தண்டைவிடத் துளி பெரிய டிரில் பிட்டால் தலையை மட்டும் குடைந்து எடுத்துவிடலாம். தலை போன அந்த நொடியில் டிஸ்க் கழன்று வந்துவிடும். மிச்சம் துருத்திக்கொண்டிருக்கும் தண்டை லாக்கிங் பிளையரால் பிடித்தால் பல சமயம் கையாலேயே சுற்றும். அதுவரை அசையாத ஸ்க்ரூ, மரையில் ஒரு மாற்றமும் செய்யாமலே இப்போது சுற்றுகிறது. பிடி எங்கே இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி வேறென்ன வேண்டும்? சென்னை பிராட்வே பக்கக் கருவிக் கடைகளில் இடப்பக்கம் சுற்றி அறுக்கும் டிரில் பிட் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால், குடையும்போதே அந்தச் சூட்டிலும் அதிர்விலும் ஸ்க்ரூ சுற்றி வெளியே வந்துவிடுவதும் உண்டு.

பிளீடர் நிப்பிள் கதை தனி. அது நடுவில் ஓட்டையுள்ள ஒரு மெல்லிய குழாய். பிளையரால் நெரித்தால் குழாய் நசுங்கி, முறுக்கில் அறுந்துபோகும். அறுகோணம் இன்னும் உயிரோடு இருக்கும்போதே ஆறு முனை சாக்கெட்டைப் போட வேண்டும். பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனர் மூலைகளை மட்டும் பிடித்து உருட்டிவிடும். ஓட்டைக்குள் கச்சிதமாக நுழையும் ஒரு டிரில் பிட்டின் வால் பக்கத்தைச் செருகிவிட்டுப் பிடித்தால் குழாய் நசுங்காது. அந்தப் பிட்டின் தலையில் லேசாகத் தட்டினால் அதிர்ச்சி நேரே மரைக்குப் போகும்.

"இவ்வளவு வம்பு எதுக்கு? பிரேக் உயிர் சமாச்சாரம், வீட்டுல தொடாதீங்க, பட்டறைக்கு அனுப்புங்க" என்பது எதிர்த்தரப்பில் நான் மதிக்கும் ஒரே வாதம். அதில் பாதிக்கு நான் உடன்படுகிறேன். பிரேக் குழாயின் நட் உருண்டுவிட்டால், காலிபரின் ஆயில் அறைக்குள் போல்ட் முறிந்து தங்கிவிட்டால், அலுமினிய மரை பிய்ந்துவிட்டால், அங்கே கையை எடுத்துவிட வேண்டும். முறிந்த துண்டின் மேல் நட் வைத்து வெல்டிங் அடித்து எடுக்கவும், பிய்ந்த மரைக்கு ஹெலிகாயில் போடவும் தெரிந்த லேத் பட்டறை வேண்டும். புதுப்பேட்டையில் பழைய காலிபர் தேடி அலைவதைவிட அது மேல். மற்றொரு பாதியை ஏற்க முடியாது. பட்டறைக்கு அனுப்பினால் பலவாதம் தீர்ந்துவிடுவதில்லை, கை மாறுகிறது, அவ்வளவுதான். அங்கேயும் அவசரத்தில் இருக்கும் ஒரு பையன் கையில் பைப்பைத்தான் கொடுக்கிறார்கள். அங்கே தேயும் தலையை நாம் பார்ப்பதுகூட இல்லை. அடுத்த பேடு மாற்றத்தின்போதுதான் தெரியவரும். தன் வண்டியின் பேடு பின் எப்படி வந்தது என்று தெரிந்தவர்தான் பட்டறையில் சரியான கேள்வி கேட்க முடியும்.

கழற்றும்போது வரும் துன்பத்தில் பெரும்பகுதி, போன முறை மாட்டியவர் விட்டுப்போனது. சின்னக் கார்களின் வீல் நட்டுக்கு 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை போதும். டயர் கடைக் காற்றுத் துப்பாக்கி அளவு பார்க்காமல் அதைத் தாண்டி இறுக்கிவிட, நெடுஞ்சாலையில் பஞ்சராகி நிற்கும் குடும்பத்தலைவர் டிக்கியில் இருக்கும் குட்டி ஸ்பேனர் மேல் ஏறி நின்று குதிக்கிறார். "டைட்டா இருந்தாதான் சேஃப்" என்பதும் பலவாதத்தின் பிள்ளைதான். பிரேக்கில் இறுக்கத்தின் அளவைச் சொல்லும் உரிமை சர்வீஸ் கையேட்டுக்கே உண்டு. டார்க் ரென்ச் இல்லாத வீட்டில், 1.5 நியூட்டன் மீட்டர் ஸ்க்ரூவை டிரைவரின் கைப்பிடியை உள்ளங்கையால் பற்றி இறுக்கக் கூடாது. விரல் நுனிகளால் இறுக்கினால் போதும்.

தேய்ந்த, தேயத் தொடங்கிய ஸ்க்ரூ எதையும் திருப்பி மாட்டாதீர்கள். புது ஸ்க்ரூவின் விலை, அது இல்லாமல் அடுத்த முறை வரப்போகும் லேத் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. பேடு பின்னைக் கம்பிப் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, சூடு தாங்கும் சிலிகான் கிரீஸை மெல்லிசாகத் தடவி மாட்டுங்கள். வழிந்து பேடில் படக் கூடாது. கடைசியாக, பல பைக்குகளில் அந்தப் பின்னின் தலைக்கு மேல் டிரைவர் வெட்டு வைத்த ஒரு குட்டி மூடி உண்டு. மழைத்தண்ணீரும் சேறும் அலன் குழிக்குள் இறங்காமல் காப்பது அதுதான். சர்வீஸ் முடிந்து வந்த எத்தனையோ வண்டிகளில் அதைக் காணோம். உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று இன்றைக்கே குனிந்து பாருங்கள். இல்லையென்றால் உதிரிபாகக் கடையில் வண்டியின் பெயரைச் சொல்லி 'பேடு பின் பிளக்' என்று கேட்டு வாங்கி, கையால் இறுக்கி, டிரைவரால் துளி மட்டும் திருப்பி விடுங்கள்.